ஐஸ் பாக்ஸ் வாங்கப் போறீங்களா? முதலில் மூடியைத் தட்டிப் பாருங்க!

நீண்ட வார விடுமுறை வந்தால் போதும். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் மூன்று கேள்விகள் வரிசையாக வந்து விழும். எங்கே போறோம்? யார் கார்? ஐஸ் பாக்ஸ் யார்கிட்ட இருக்கு?

முதல் இரண்டுக்கும் சீக்கிரம் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதற்கு மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கடைசியில், "வழியில மீன் கடையில ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கிக்கலாம்" என்று முடிவாகும். ஏற்காட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் நாலைந்தைத் தாண்டுவதற்குள் அதன் ஓரம் விரிசல் விட்டு, டிக்கி முழுக்கத் தண்ணீர். திரும்பி வரும்போது அந்தப் பெட்டி காரில் இருக்காது. தங்கிய காட்டேஜின் பின்புறத்தில் வெள்ளை உருண்டைகளாக உதிர்ந்துகொண்டிருக்கும்.

இதில் சலித்துப்போய், ‘நல்லதா ஒண்ணு வாங்கிடலாம்’ என்று போனில் தேடினால் அங்கே எல்லாம் எண் மயம். ‘3 நாள் ஐஸ் நிற்கும்’, ‘5 நாள் நிற்கும்’, ‘7 நாள் நிற்கும்’. நாள் ஏற ஏற விலையும் ஏறுகிறது. சில நூறு ரூபாயில் தொடங்கும் பட்டியல், இறக்குமதிப் பெட்டிகளுக்கு வரும்போது இருபதாயிரத்தையும் தாண்டுகிறது.

இந்த நாள் கணக்குக்காகப் பணம் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. நம்மில் பெரும்பாலானோர் போவது ஒரு ராத்திரி, மிஞ்சிப்போனால் இரண்டு ராத்திரி. அதற்கு ஓரளவு ஒழுங்கான இன்சுலேஷன் உள்ள எந்தப் பெட்டியும் போதும். பணம் கொடுக்க வேண்டியது மூடிக்கு, கீலுக்கு, கொக்கிக்கு, உதிரிபாகத்துக்கு. ஏன் என்று பார்ப்போம்.

‘5 நாள்’ எங்கிருந்து வருகிறது?

30 லிட்டர் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவரில் 3 செ.மீ. தடிமனுக்குப் பாலியூரித்தேன் ஃபோம் இருக்கிறது. வெளியே 30 டிகிரி செல்சியஸ், உள்ளே ஐஸ். பள்ளியில் படித்த வெப்பக் கடத்தல் கணக்கைப் போட்டால், சுவர் வழியாக உள்ளே நுழையும் வெப்பம் ஏறக்குறைய 17 வாட். அதாவது, பெட்டிக்குள் ஒரு எல்இடி பல்பின் அளவு சூடு ராத்திரி பகலாக நுழைந்துகொண்டே இருக்கிறது.

ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த 17 வாட், ஒரு நாளில் நாலு கிலோ சொச்சம் ஐஸைத் தின்றுவிடும். இப்போது அதே பெட்டியின் வாய் வரைக்கும் ஐஸ் மட்டும் நிரப்பினால் 18 கிலோ அளவுக்குப் பிடிக்கும். மூடியைத் திறக்கவே இல்லை என்றால், நாலு நாளுக்கு மேல் கொஞ்சம் ஐஸ் மிச்சமிருக்கும். சுவரை இன்னும் சற்றுத் தடிப்பாக்கினால் ‘5 நாள்’ வந்துவிடும்.

விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஆனால் வெறும் ஐஸை ஊருக்குத் தூக்கிப் போய், திறக்காமல் திருப்பிக் கொண்டுவருகிறவர் யாரும் இல்லையே!

நாம் செய்வது வேறு. 5 கிலோ ஐஸ் போடுவோம். அறைச் சூட்டில் இருக்கும் 8 லிட்டர் தண்ணீர், ஜூஸ் பாட்டில்களை உள்ளே அடுக்குவோம். அந்த 8 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவரவே 2 கிலோவுக்கு மேல் ஐஸ் உருகிவிடும். பெட்டியின் சுவர் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் பாதி ஐஸ் காலி. மிச்சம் ஐஸ் அரை நாளோ முக்கால் நாளோ தாங்கும். இதற்கு ‘5 நாள்’ பெட்டியும் உதவாது, ‘7 நாள்’ பெட்டியும் உதவாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுவரை 3 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ. ஆக்கினால், அதே அளவு பெட்டியில் ஒரு நாளைக்கு மிச்சமாவது ஒரு கிலோ சொச்சம் ஐஸ்தான். வாரக்கணக்கில் கடலில் தங்கும் மீனவருக்கு அது பெரிய லாபம். வழியில் எங்காவது ஐஸ் கடையில் நிறுத்த முடிகிற நமக்கு, அந்த ஒரு கிலோவுக்காக மடங்கு மடங்காக விலை கொடுப்பது நியாயமா?

பாஸ்டனிலிருந்து மெரினாவுக்கு

ஐஸைத் தூரம் கொண்டுபோகும் வித்தை ஒன்றும் புதிதல்ல. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கும் கட்டடத்துக்கு ‘ஐஸ் ஹவுஸ்’ என்று பெயர் வந்த கதை பலருக்குத் தெரியும். அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து விற்ற ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி, 1842-இல் கட்டிய கிடங்கு அது.

அவர் 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் சரக்கு சுமார் 180 டன். நாலு மாதம் கடல் பயணம். வெப்ப மண்டலத்தைக் கடந்து வந்து சேரும்போதும் சுமார் 100 டன் உருகாமல் இருந்தது. அந்தக் காலத்தில் ஃபோம் ஏது? பனிக்கட்டிகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, சுற்றிலும் உலர்ந்த மரப்பட்டைத் தூள் போட்டதுதான் ரகசியம்.

மரப்பட்டைத் தூளே அவ்வளவு செய்தது என்றால், நம் வீட்டுப் பெட்டியில் இன்சுலேஷன் பெரிய பிரச்சினை இல்லை. சொல்லப்போனால், தெர்மாகோல்கூட மோசமான பொருள் அல்ல. அதே தடிமனில் பாலியூரித்தேன் ஃபோமைவிட ஒன்றரை மடங்கு வெப்பத்தைத்தான் உள்ளே விடும். குளிரைக் காப்பதில் அது பாஸ். இடி தாங்குவதில்தான் ஃபெயில்.

உடைவது எங்கே?

பழைய ஐஸ் பாக்ஸ்களை எடுத்துப் பாருங்கள். சுவர் தேய்ந்து வீணானது அபூர்வம். ஒன்று, மூடியின் கீல் உடைந்திருக்கும். அல்லது கொக்கி முறிந்திருக்கும், கைப்பிடி கழன்றிருக்கும், தண்ணீர் திறந்துவிடும் பிளக் தொலைந்திருக்கும். ஐம்பது ரூபாய் பெறாத ஒரு துண்டு உடைந்ததற்காக முழுப் பெட்டியும் பரணுக்குப் போகும். அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்கு.

இன்று உலகம் முழுக்க விலை உயர்ந்த ஐஸ் பாக்ஸுக்கு அடையாளமாக இருக்கும் யெட்டி நிறுவனமே இப்படித்தான் பிறந்தது. அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ராய் சீடர்ஸ், ரயன் சீடர்ஸ் சகோதரர்கள் 2006-இல் தொடங்கியது அது. மீன்பிடிக்கும்போது பெட்டி மேல் ஏறி நின்றால் மூடி உள்வாங்குகிறது, கைப்பிடி முறிகிறது, கொக்கி தெறிக்கிறது என்ற எரிச்சல்தான் அதற்குக் காரணம் என்கிறது அந்த நிறுவனத்தின் கதை. உறுதிக்காகத் தொடங்கிய போட்டி, சந்தையில் நாள் கணக்குப் போட்டியாக மாறிவிட்டது.

ஆகவே கடைக்குப் போனால் ஐந்து விஷயங்களைக் கையால் சோதியுங்கள். ஆன்லைனில் வாங்கினாலும், பார்சல் வந்த அன்றே சோதித்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு யாரிடமும் பேச முடியாது.

முதலில் மூடி. விரலால் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று காலி டப்பா மாதிரி ஒலித்தால் உள்ளே ஃபோம் இல்லை, வெறும் காற்று. விலை குறைந்த பல பெட்டிகளில் சுவரில் மட்டும் ஃபோம் ஊற்றி, மூடியை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். டிக்கியில் மேல் பக்கம்தான் அதிகம் சூடாகும், அங்கேயே ஓட்டை என்றால் எப்படி? கெட்டியான, ‘தப் தப்’ என்ற சத்தம் வர வேண்டும். கடைக்காரர் ஒப்புக்கொண்டால் மேலே உட்கார்ந்தே பாருங்கள்.

அடுத்து கீல். பிளாஸ்டிக்கிலேயே மெல்லிய மடிப்பாக வார்த்த கீல், வளைந்து வளைந்து ஒரு நாள் கிழியும். நீளமான கம்பியோ தண்டோ ஊடாக ஓடும் கீல் நிலைக்கும். திருகு போட்டுப் பொருத்தியிருந்தால் மாற்றவும் வசதி.

மூன்றாவது, கொக்கி. பிளாஸ்டிக் லாக் ‘கிளிக்’ என்று அழகாக மூடும். ஒரு கீழே விழுதலில் முறியும். இழுத்து மாட்டும் ரப்பர் கொக்கி இழுபடும், உடையாது. அமெரிக்காவில் கரடிகள் உலவும் காடுகளுக்காகப் பெட்டிகளைச் சோதித்துக் ‘கரடி தாங்கும்’ என்று சான்று தரும் அமைப்பே இருக்கிறது. நமக்கு வேண்டியது குரங்குச் சான்றிதழ். கொடைக்கானல் பக்கமோ ஒகேனக்கல் பக்கமோ போனவர்களுக்குத் தெரியும், சும்மா மூடி வைத்த பெட்டியைத் திறக்கக் குரங்குக்கு ஐந்து விநாடி போதும்.

நான்காவது, வாஷர். குக்கர் மூடிக்கு கேஸ்கட் மாதிரி, நல்ல பெட்டிக்கு மூடியைச் சுற்றி ரப்பர் வாஷர் இருக்கும். ஒரு பத்து ரூபாய் நோட்டை விளிம்பில் வைத்து மூடி, வெளியே இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால், குளிர்ந்த காற்றும் அதே வழியில் வெளியேறும். நாலு பக்கமும் இதைச் செய்யுங்கள்.

ஐந்தாவது, கைப்பிடியும் பிளக்கும். 30 லிட்டர் பெட்டியில் ஐஸும் பாட்டிலும் ஏற்றினால் 20 கிலோவைத் தாண்டும். காலிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து ‘லேசா இருக்கு’ என்று முடிவு செய்யாதீர்கள். கடையில் இருக்கும் தண்ணீர் கேனை உள்ளே வைத்துத் தூக்கிப் பாருங்கள். பிளக் மூடி, நூலிலோ பட்டையிலோ பெட்டியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். தனியாகக் கழன்று வருவது இரண்டாவது ட்ரிப்பில் தொலைந்துவிடும்.

யாருக்கு எந்தப் பெட்டி?

சந்தையில் இருப்பதை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

துணிப் பை போன்ற மென்மையான கூலர்: பைக்கிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இதுதான் சௌகரியம். அரை நாள், ஒரு பகல் தாங்கும். உள் உறை தையல் போட்டதா, சூட்டில் ஒட்டியதா என்று பாருங்கள். தையல் ஓட்டைகளில் தண்ணீர் கசிந்தே தீரும்.

சாதாரண பிளாஸ்டிக் பெட்டி: வீட்டுப் பாத்திரக் கடைகளிலேயே கிடைப்பது. உள்ளே ஃபோம், வெளியே வார்த்த பிளாஸ்டிக். ஒன்றிரண்டு ராத்திரி கார் பயணத்துக்கு இது தாராளம். மேலே சொன்ன ஐந்து சோதனையும் முக்கியமாக இந்த வகைக்குத்தான். ஏனென்றால் நல்லதும் கெட்டதும் ஒரே விலையில், ஒரே அலமாரியில் இருக்கும்.

மூன்றாவது, ரோட்டோ மோல்டிங் முறையில் செய்த கனமான பெட்டி. அச்சுக்குள் பாலிஎத்திலீன் தூளைப் போட்டு, சூடாக்கிச் சுழற்றி, இணைப்பே இல்லாத ஒரே கூடாக வார்ப்பார்கள். உங்கள் மொட்டை மாடியில் வருஷக்கணக்கில் வெயிலில் நிற்கும் கறுப்புத் தண்ணீர் டேங்க்கும் இதே முறையில் செய்ததுதான். அதன் உறுதியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் 45 லிட்டர் பெட்டி, காலியாகவே சுமார் 10 கிலோ இருக்கும். மாதம் ஒருமுறை கேம்பிங் போகிறவர், கேட்டரிங் செய்கிறவர், படகில் போகிறவர் வாங்கலாம். வருஷத்துக்கு இரண்டு ட்ரிப் போகிறவருக்கு, லிஃப்ட் இல்லாத வீட்டில் அதுவே பாரம்.

எதுவானாலும் ஒரு கேள்வியைக் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்: கொக்கி, வாஷர், பிளக் தனியாகக் கிடைக்குமா? வாரண்டி அட்டையையும் படியுங்கள். ‘5 வருட வாரண்டி’ என்பது வெறும் கூட்டுக்கு மட்டுமா, கீலுக்கும் கொக்கிக்கும் சேர்த்தா என்று பாருங்கள். உடையாத பாகத்துக்கு வாரண்டி கொடுப்பது யாருக்கும் சுலபம்.

செலவில்லாமல் ஒரு நாள் கூட்டலாம்

விலை உயர்ந்த பெட்டி தருவதைவிட அதிகக் குளிரை, முந்தைய ராத்திரி அரை மணி நேர வேலை தந்துவிடும்.

பாட்டில்களை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்த பிறகே பெட்டியில் அடுக்குங்கள். மேலே பார்த்த கணக்கில் 2 கிலோ ஐஸ் அப்படியே மிச்சம். பெட்டியையும் முதல் நாள் ராத்திரியே கொஞ்சம் ஐஸ் போட்டுக் குளிரவையுங்கள். பரணிலிருந்து இறக்கிய சூடான பெட்டி, முதல் தவணை ஐஸை அதுவே விழுங்கிவிடும்.

சில்லு ஐஸைவிடப் பெரிய கட்டி மெதுவாக உருகும். டிஃபன் டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி, விளிம்பில் கொஞ்சம் இடம் விட்டு உறையவைத்தால் வீட்டிலேயே கட்டி தயார். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலை உறையவைத்துக் கொண்டுபோகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அங்கே சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. டப்பாவில் உறைந்த கட்டியோ ஜெல் பேக்கோ போதும்.

உருகிய தண்ணீரை அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள். அதுவும் சில்லென்றுதான் இருக்கும், பாட்டில்களைச் சுற்றி நின்று குளிரைக் காக்கும். சாப்பாட்டு டப்பாவுக்குள் புகும் என்றால் மட்டும் வடித்துவிடுங்கள். டிக்கியில் ஏசி காற்று போகாது. முடிந்தால் பெட்டியை பின் சீட்டுக்குக் கீழே வையுங்கள். அடிக்கடி எடுக்கும் தண்ணீருக்கு வேறு பை வைத்துக்கொண்டால், ஐஸ் பாக்ஸைத் திறப்பது பாதியாகக் குறையும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி நிழலில் வையுங்கள். மாடியில் வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் வெளுத்து, நொறுங்கத் தொடங்கும். இறுக மூடி வைத்தால் வாஷர் பூஞ்சை பிடித்து நாறும்.

சிக்கன் கெட்டால் விளையாட்டல்ல

இதெல்லாம் குளிர்ந்த ஜூஸுக்காக மட்டும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பெட்டிக்குள் மசாலா தடவிய சிக்கன் இருக்கிறது, தயிர் இருக்கிறது, சில சமயம் அப்பாவின் இன்சுலினும் இருக்கிறது.

சமைத்த உணவையும் சீக்கிரம் கெடக்கூடிய உணவையும் அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெட்டிக்குள் ஐஸ் கண்ணில் படும் வரைக்கும் ஓரளவு நம்பலாம். வெறும் தண்ணீர் மட்டும் இருந்து, அதுவும் வெதுவெதுப்பாகிவிட்டால், அந்தச் சிக்கனை அடுப்பில் ஏற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பச்சைக் கறியை எப்போதும் இறுக மூடிய டப்பாவில், அடியில் வையுங்கள். மீன் மார்க்கெட்டில் வாங்கிய ஐஸ் பெட்டியைக் குளிரவைக்க மட்டும். டம்ளருக்குள் போகக் கூடாது.

இன்சுலின் விஷயத்தில் ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சூடு பட்டாலும் வீண், உறைந்தாலும் வீண். ஃபிரீஸரிலிருந்து எடுத்த ஜெல் பேக், பூஜ்ஜியத்துக்கும் வெகு கீழே இருக்கும். அதை ஒட்டி வைத்தால் மருந்து உறையும், உறைந்ததை உருகவைத்து மறுபடி போடக் கூடாது. ஒரு துண்டில் சுற்றி, சிறு டப்பாவில் போட்டு, ஐஸைத் தொடாமல் மேல் பக்கம் வையுங்கள். ஒரு சின்ன தெர்மாமீட்டரும் உள்ளே இருந்தால் நல்லது.

‘டிரை ஐஸ் போட்டால் சூப்பரா நிக்கும்’ என்று யாராவது சொன்னால் தயங்குங்கள். அது மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு. ஆவியாகும்போது காற்றுப் புகாத பெட்டியை வெடிக்க வைக்கலாம்; கண்ணாடி ஏற்றிய காருக்குள் மூச்சுத் திணற வைக்கலாம். குடும்பத்தோடு போகும் காருக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஆறு பேருக்கு ஒன்று போதும்

‘வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு எதுக்கு சார் நல்ல பெட்டி? தெர்மாகோலே போதுமே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு தடவை இரண்டு பெட்டி, அதுவும் ஒவ்வொரு குழுவுக்கும். தெர்மாகோல் கப்பை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டோம். அதைவிடப் பத்து மடங்கு பெரிய தெர்மாகோலை மலை மேல் விட்டுவிட்டு வருவதற்கு என்ன சமாதானம் சொல்வது?

எல்லோரும் ஆளுக்கொன்று வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு குழுவுக்கு ஒன்று போதும். ஆறு பேர் பங்கு போட்டால், உறுதியான பெட்டிகூட ஆளுக்கு ஒரு பிரியாணி செலவில் முடியும். இந்த மாதம் ஒருவர் வீட்டில், அடுத்த மாதம் இன்னொருவர் வீட்டில். அப்படிக் கை மாறுகிற பெட்டிக்கு உறுதி இன்னும் முக்கியம். கடன் வாங்கிய பொருளை யாரும் பூப்போலக் கையாளுவதில்லை!

அதனால் அடுத்த விடுமுறைக்கு முன்னால் கடைக்குப் போங்கள். ‘எத்தனை நாள் ஐஸ் நிக்கும்?’ என்ற கேள்வியை விடுங்கள், அதற்கு எல்லாக் கடைக்காரரும் ஒரே பதில்தான் வைத்திருப்பார். மூடியைத் தட்டுங்கள், நோட்டை வைத்து இழுங்கள். பிறகு, "அண்ணே, இந்த வாஷர், கொக்கி எல்லாம் ஸ்பேர் இருக்கா?" என்று கேளுங்கள். ‘இருக்கு’ என்று உள்ளே போய் எடுத்து வந்து காட்டுகிறவரிடம் வாங்குங்கள்.